நீலம் இல்லாத திரை

முதல் தடவை மடி கிழிந்தபோது ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை.

மடி என்பது விசைப்படகின் பின்னால் கடலின் தரையை ஒட்டி இழுத்துக்கொண்டு போகும் வலை. தரை சேறாக இருந்தால் வழுக்கிக்கொண்டு வரும். பார் என்று நாங்கள் சொல்லும் பாறைத்திட்டு குறுக்கே வந்தால் அதில் ஏறிக் கிழியும். ஆனால் கணவாயும் நல்ல மீனும் பாருக்குப் பக்கத்தில்தான் நிற்கும். பாரைத் தொடவும் கூடாது, விட்டு விலகவும் கூடாது. அந்த ஓரத்திலேயே படகைக் கொண்டுபோகிறவன் ஸ்ராங்கு. எங்கள் படகில் அது நான். படகு என் மனைவியின் தம்பியுடையது. சுக்கானைப் பிடிக்கிற அந்த இருக்கையில் உட்கார்ந்தே எனக்கு முடி நரைத்துவிட்டது.

அன்று படகு பின்னுக்கு இழுபட்டு நின்றது. கம்பிவடம் விறைத்து முனகியது. மேலே ஏற்றிப் பார்த்தபோது மடியின் வயிற்றுப் பக்கம் முழுவதும் நார் நாராகத் தொங்கியது. மச்சினன் அதைப் பார்த்துவிட்டு, "போட்டும் அத்தான். புது எக்கோ இல்லியா? கொஞ்சம் பழகணும்" என்றான். வெயிலில் உட்கார்ந்து எல்லோரும் கிழிசலைக் கட்டினோம்.

எக்கோ என்பது படகின் அடியிலிருந்து ஒரு சத்தத்தைக் கீழே அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்புவதைத் திரையில் கோடாகக் காட்டும் கருவி. எங்களிடம் முன்பு இருந்ததில் ஒரே நிறம். கறுப்புக் கண்ணாடியில் தணல் மாதிரி மஞ்சளான வெளிச்சம். தரை கெட்டியாக இருந்தால் கோடு பளிச்சென்று தடித்து நிற்கும். சேறாக இருந்தால் மங்கிப் போகும். அந்தத் திரையை நான் பார்த்ததே இல்லை என்றுகூடச் சொல்லலாம். நம் வீட்டு முற்றத்தைப் பார்த்தா நடக்கிறோம்? அப்படி. பிறகு அதில் ஒவ்வொரு வரியாக இருட்டிக்கொண்டு வந்தது. கடைசியில் பாதித் திரைதான் எரிந்தது. அதற்கு உதிரிப் பாகம் இனி எங்கும் கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள்.

நடுவில் செல்போனில் இருப்பது போன்ற திரை உள்ள ஒன்றை மச்சினன் கொண்டுவந்து வைத்தான். உச்சி வெயிலில் அதில் எங்கள் முகம்தான் தெரிந்தது. சூட்டில் ஒருநாள் மொத்தமாகக் கறுத்தும் போனது. அதனால்தான் கருங்கல் என்ற பக்கத்து ஊரில் இந்த மாதிரிக் கருவிகளைப் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த பெண்ணிடம் சொல்லிவைத்து, இந்தக் கலர் எக்கோவை வாங்கினான். அவளுடைய புருஷன் வெளிநாட்டில் இருந்தான். கடை அவளுடையது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஆண்கள் கை கொடுக்க வருவதற்குள் படகில் தாவி ஏறிவிடுவாள்.

"இது பழசுக்க சாதிதான் அண்ணா" என்றாள், திருகாணிகளை வாயில் வைத்துக்கொண்டே. "பின்னால பல்பு ஒண்ணும் கெடையாது. கண்ணாடிக்கு உள்ள, தலைமுடிய விட மெலிஞ்ச பூச்சு உண்டு. கரண்டு ஏறினா அந்தப் பூச்சே வெளிச்சம் தரும். வெயில்ல தெரியும், சாய்ஞ்சு பாத்தாலும் தெரியும், படகு எவ்வளவு அதிர்ந்தாலும் அசையாது. பழசுல ஒரு பூச்சுதான். இதுல செவப்புக்கு ஒண்ணு, பச்சைக்கு ஒண்ணு. ரெண்டும் சேர்ந்து எரிஞ்சா மஞ்ச."

எங்கள் விஞ்சுக்காரன், மடியை ஏற்றி இறக்கும் உருளையை ஓட்டுகிறவன், சுக்கான் அறைக்குள் தலையை நீட்டினான். அவனும் நானும் ஒரே வயது. ஒரே நாளில் பள்ளியை விட்டவர்கள்.

"நீலம் எங்க? நீலம் இல்லாம ஒரு கலரா?"

"நீலம் வரல்ல அண்ணா. எத்தனையோ வருஷம் பாடுபட்டுப் பாத்தாங்க. நீலப் பூச்சு மட்டும் வெளிச்சம் பத்தாம மங்கியே நின்னுது. பொறவு ஒரு வழியா அதுவும் வந்துது. ஆனா அதுக்குள்ள செல்போன் மாதிரித் திரை எல்லா இடத்தையும் பிடிச்சிட்டு. இது அதுக்கு முந்தினது. ஒடைக்கப் போன கப்பல்லேர்ந்து எடுத்ததாக்கும்."

"ஒனக்கு என்னத்துக்கு லே நீலம்?" என்றான் மச்சினன். "வெளிய எட்டிப் பாரு. வேணுங்குற அளவு கெடக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் விரலை வைத்துக் காட்டினாள். கெட்டித் தரை சிவப்பு, நடுவாந்தரம் மஞ்சள், சேறு பச்சை. "இனி ஸ்ராங்கு வேண்டாம் போல இருக்கே, நானே பாத்துச் சொல்லுவேன்" என்றான் விஞ்சுக்காரன். நானும் எட்டிப் பார்த்தேன். ஒரு இடம் வெளிச்சமாக இருந்தது. ஒரு இடம் மங்கலாக இருந்தது. அது போதும் என்று நினைத்தேன். பழைய திரையிலும் அதைத்தானே பார்த்தேன்.

நிறங்களின் பெயரில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தடுமாற்றம் உண்டு. அதைப் படிப்புக் குறைவு என்றே எடுத்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்போடு கடலுக்கு வந்தவன். நிறங்களைப் பிசகாமல் சொல்வது அதற்கு மேல் உள்ள வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கிற சங்கதி என்று மனதில் எங்கோ கிடந்தது. கேட்டால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் கேட்டதில்லை. கூட்டத்தில் பேச வேண்டியிருந்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சந்தையில் எல்லோரும் மீனின் செவுளைத் தூக்கிச் சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எனக்கு எல்லாச் செவுளும் சேற்று நிறம்தான். நான் முகர்ந்து பார்த்து வாங்குவேன். "மீன் பிடிக்கியவன் மீனை மோந்து பாக்கியான், பூனை மாதிரி" என்று என் மனைவி கேலி செய்வாள்.

அடுத்த தங்கலில், அதாவது பல நாள் கடலிலேயே தங்கும் அடுத்த பயணத்தில், மடி மறுபடியும் கிழிந்தது. பட்டப்பகல். கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. சொல்வதற்கு ஒரு காரணமும் இல்லை.

"லேய், ஒறங்கினியா?" விஞ்சுக்காரன் கத்தினான்.

"இல்ல."

"குடிச்சியா?"

"நான் எப்பம் குடிச்சேன்?"

"பின்ன கண்ண எங்க லே வச்சிருந்த? நான் விஞ்சுல நின்னே எட்டிப் பாத்தேன், தெரை முழுக்க ரெத்தம் மாதிரி செவந்து கெடந்துது. நேரே அதுல கொண்டு ஏத்திட்டியே!"

நான் திரையைப் பார்த்தேன். எங்கே சிவந்து கிடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. மச்சினன் மடியின் அறுந்த நுனிகளைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் திட்டியிருக்கலாம். அக்காளின் புருஷன் என்பதால் திட்டவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

கரைக்கு வந்த மறுநாள், நான் இல்லாத நேரத்தில் அவன் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறான். சோறு போட்டுக்கொண்டே மனைவி சொன்னாள்.

"தம்பி வந்தான். அத்தானுக்கு ஒடம்புக்கு வல்லதும் உண்டா, ராத்திரி ஒறங்குதாரான்னு கேட்டான்."

"வேற?"

"அடுத்த தங்கலுக்கு வேற ஸ்ராங்கு பாக்கட்டான்னு கேட்டான். அவரு கொஞ்ச நாள் ஓய்வெடுக்கட்டும்னான்." அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் ஒண்ணும் பறையல்ல. நீங்க அவங்கிட்ட பேசுங்க."

ஓய்வு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். இந்த வயதில் இருக்கையை விட்டு எழுந்த ஸ்ராங்கை வேறு எந்தப் படகும் கூப்பிடாது. ஏன் எழுந்தான் என்று துறைமுகம் முழுவதும் கேட்பார்கள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே, "மெஷினுக்குத்தான் கேடு. பாக்கச் சொல்லணும்" என்றேன். அப்போது அதை நான் நம்பினேன்.

கருங்கல் கடைக்காரி படகுக்கு வந்தாள். மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். சுக்கான் அறையில் நாங்கள் இருவர் மட்டும். சோதித்துப் பார்க்கும் ஒரு சின்னப் பெட்டியை எக்கோவின் பின்னால் சொருகினாள். திரையில் பட்டை பட்டையாக வந்தது.

"மெஷின் கிளியராட்டுதான் இருக்கு அண்ணா. உங்களுக்கு என்ன சந்தேகம்?"

"கெட்டித் தரை வந்தா மங்கிப் போவுது. சேறு வந்தாத்தான் வெளிச்சமா நிக்கு. தலைகீழாக் காட்டுது."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இதுல செவப்பு எங்க நிக்கு? விரல் வச்சுக் காட்டுங்க."

நான் நல்ல வெளிச்சமாக இருந்த பட்டையைக் காட்டினேன். அவள் எதையோ அழுத்தினாள். பட்டைகள் இடம் மாறின.

"இப்பம்?"

மறுபடியும் காட்டினேன். அவள் தன் பையைத் துழாவி இரண்டு துண்டு ஒயரை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது ரெண்டும் ஒரே நிறமா?"

"ஒண்ணு கொஞ்சம் அழுக்கு."

அவள் சிரிக்கவில்லை. ஒயர்களைத் திரும்ப எடுத்துப் பையில் போட்டாள். ஜிப்பை மூடுவதற்கு நிறைய நேரம் எடுத்துக்கொண்டாள்.

"அண்ணா, இது மெஷினுக்க கேடு இல்ல. உங்க கண்ணுக்குச் செவப்பு இருட்டாத் தெரியுது. எனக்க அண்ணனுக்கும் உண்டு. பொறக்கும்பமே உள்ளதாக்கும். வலி கெடையாது, மருந்தும் கெடையாது."

"எனக்குச் சின்னதுல ஆரும் பறஞ்சு தரல்ல" என்றேன்.

"இது பறஞ்சு தாறது இல்ல அண்ணா. எனக்க அண்ணன் காலேஜ் வரை படிச்சான். அவனுக்கும் தெரியாது."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் பலகையில் உட்கார்ந்துவிட்டேன். பழைய திரையில் கெட்டியானது பிரகாசமாக இருந்தது. இதில் கெட்டியானது சிவப்பு. சிவப்பு எனக்கு இருட்டு. நான் இருட்டைப் பார்த்துச் சேறு என்று நினைத்து, நேரே பாரில் கொண்டு ஏற்றியிருக்கிறேன். நீலமும் மஞ்சளும் எனக்கு நன்றாகத் தெரியும். வானத்தைப் பார்த்தால் தெரியும். திரை செய்தவர்களுக்கு அந்த நீலம்தான் வரவில்லை. எனக்குத் தெரியாத இரண்டு நிறத்தை மட்டும் அவர்கள் முதலில் செய்து முடித்திருக்கிறார்கள். யார்மேல் கோபப்படுவது? எங்கோ ஒரு ஊரில், வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு, நீலம் ஏன் எரியவில்லை என்று தலையைச் சொறிந்தவர்களை நினைத்துப் பார்த்தேன். அவர்களுக்கும் அலுத்திருக்கும்.

அவள் தணிந்த குரலில் பேசினாள்.

"ஒரு வழி உண்டு. செவப்பும் பச்சையும் எப்பமும் சேர்ந்தே எரியுற மாதிரி நான் மாத்திவிடுதேன். மொத்தத் திரையும் பழசு மாதிரி ஒரே மஞ்சளாயிரும். கெட்டித் தரை பளிச்சுன்னு நிக்கும். கலர் போச்சு, பழைய சாமானம், இனி நிக்காதுன்னு நானே பறஞ்சிருவேன். ஆரும் அறியாண்டாம்."

அவள் மாற்றிக் காட்டினாள். தணல் திரும்பி வந்தது. நெஞ்சு லேசானது. சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அப்போதுதான் ஒரு பெரிய அலுப்பு வந்தது. இதற்குப் பிறகு என்ன ஆகும் என்று தெரிந்தது. கலர் போன எக்கோவை மச்சினன் எவ்வளவு நாள் வைத்திருப்பான்? நீலமும் சேர்ந்த ஒன்றைத் தேடுவான். அவனுக்கும் விஞ்சுக்காரனுக்கும் கலர் பிடித்துப்போயிருந்தது. முன்பு தரையைப் பற்றி நான் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும். இப்போது எட்டிப் பார்த்தாலே தெரிந்தது. புதிது வரும்போது நான் மறுபடியும் ஒரு பொய் சொல்ல வேண்டும். அதற்கு ஒருத்தியைக் கூட்டுச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு மடி விடும்போதும் யாராவது எட்டிப் பார்க்கிறார்களா என்று முதுகைக் காதாக்கிக்கொண்டு உட்கார வேண்டும். எனக்கு அதற்கெல்லாம் தெம்பு இல்லை. பிறகு நான் செய்ததைத் தைரியம் என்று என் மனைவி நினைக்கிறாள். அது தைரியம் இல்லை. களைப்பு.

"நானே பறஞ்சிடுதேன்" என்றேன் அவளிடம். "நீ ஒண்ணும் பொய் பறையாண்டாம்."

மடியைப் படகின் மேல்தளத்தில் விரித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் போய் உட்கார்ந்து நூலை எடுத்தேன். யார் முகத்தையும் பார்க்காமல் மடியைப் பார்த்துச் சொன்னேன். எனக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது. மெஷினுக்குக் கேடில்லை, எனக்க கண்ணுக்குத்தான். இவ்வளவுதான் சொன்னேன்.

விஞ்சுக்காரன் எழுந்து போய் வலையில் கட்டும் ஒரு மிதப்பை எடுத்து வந்து என் மூக்குக்கு நேரே ஆட்டினான்.

"இது என்ன கலர் லே?"

"மஞ்ச."

"கொள்ளாம். இது?"

"தெரியல்ல."

"இந்தச் சட்டை?"

"நீலம்."

"நீலம் தெரியுது பாத்தியா! கள்ளன், வேண்டாததெல்லாம் தெரியுது." அடுக்களையிலிருந்து இரண்டு மிளகாயைக் கொண்டுவந்தான். "இதுல பழுத்தது எது?"

"சுருங்கினது பழுத்தது."

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"லேய், நெசமாட்டு பறை. கலியாணத்தன்னு ஒனக்க பெஞ்சாதி என்ன கலர்ல சேலை உடுத்திருந்தா?"

"வெள்ளை. மாதா கோயில்ல வேற என்ன கலர் உடுப்பாவ?"

"தப்பிச்சிட்டான்" என்றான் விஞ்சுக்காரன்.

சிரிப்பு நடந்துகொண்டிருக்கும்போதுதான் கவனித்தேன், மச்சினன் சிரிக்கவில்லை. நூலைக் கையில் சுற்றிக்கொண்டு என்னையே பார்த்திருந்தான்.

"அத்தான்" என்றான். "அப்பம் ராத்திரி எதிர்க்க வாற கப்பலுக்க லைட்டு?"

சிரிப்பு நின்றது.

கப்பலுக்கு இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை விளக்கு. எது தெரிகிறது என்பதை வைத்துத்தான் அது எந்தப் பக்கம் போகிறது என்று அறிய வேண்டும். எங்கள் கரை ஊர்களில், படகில் கப்பல் மோதி ஆள் திரும்பி வராத வீடுகள் உண்டு. திரையைப் பற்றியே இவ்வளவு நாள் யோசித்திருந்தேன். அந்த விளக்குகள் எனக்கு நினைவிலேயே வரவில்லை.

"பச்சை வெள்ளையாட்டு தெரியும்" என்றேன். "செவப்பு... பக்கத்துல வந்தா மங்கலாத் தெரியும்."

"பின்ன எப்படி ஓட்டினீங்க?"

"கப்பலுக்க உச்சிக் கொம்புல உள்ள வெள்ளை லைட்ட பாப்பேன். எந்தக் கப்பலக் கண்டாலும் தூரத்துலேயே விலகிருவேன். எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும்னு நெனச்சேன்."

"அதுக்குத்தானா லே?" விஞ்சுக்காரன் மிளகாயைக் கீழே போட்டான். "கண்ட கப்பலுக்கெல்லாம் அரைக் கடல் சுத்திப் போவ. நான் ஒன்ன பேடின்னு நெனச்சேன். பலரிட்டயும் பறஞ்சிருக்கேன்."

மச்சினன் எழுந்து படகின் ஓரத்தில் போய் நின்றான். நாங்கள் தூங்கும் பலகைகள் இருக்கும் கீழ்ப்பக்கத்தை ஒரு தடவை பார்த்தான். என் இருக்கை போய்விட்டது என்று எனக்கு அப்போதே தெரிந்தது. நான்தான் இவனைச் சின்னதில் தோளில் வைத்துக்கொண்டு திருவிழாவுக்குப் போனேன். அவன் என்னிடம் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று, எனக்காக இல்லை, அவனுக்காக வருத்தப்பட்டேன்.

திரும்பி வந்து என் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தான்.

"பகல்ல நீங்க இரிங்க. பாருக்க ஓரத்துல கொண்டுபோக உங்கள விட்டா எனக்கு ஆளு கெடையாது. ராத்திரி வேண்டாம் அத்தான். கோவப்படக் கூடாது."

"கோவம் ஒண்ணும் இல்ல" என்றேன். உண்மையிலேயே இல்லை. பாதி இருக்கை போனது. பாதி நின்றது. எதை எண்ணிச் சந்தோஷப்படுவது, எதை எண்ணி அழுவது என்று தெரியாததால் நூலை எடுத்து மறுபடியும் கட்டத் தொடங்கினேன்.

கருங்கல்காரி வந்து எக்கோவின் பக்கத்தில் ஒரு சுவிட்ச் வைத்துக் கொடுத்தாள். மேலே தள்ளினால் ஒரே மஞ்சள். கீழே தள்ளினால் கலர். பகலில் மஞ்சளில் ஓட்டுகிறேன். அதற்குப் பிறகு மடி பாரில் ஏறவில்லை. வெயில் சாயும்போது விஞ்சுக்காரன் கையைத் துடைத்துக்கொண்டு படியேறி வருவான். ராத்திரி சுக்கான் இப்போது அவனுடையது.

"எழும்பு லே. எனக்க நேரமாச்சு."

எழுந்திருப்பதற்கு முன் சுவிட்சை நான்தான் கீழே தள்ள வேண்டும். அது எங்களுக்குள் ஒரு வழக்கமாகிவிட்டது. தள்ளியதும் திரையில் பாதி எனக்கு அணைந்துபோகும். அவன் அதே நேரத்தில் முகம் மலர்ந்து, "ஹா, இப்பம்தான் தெளிவு" என்று உட்காருவான். வேண்டுமென்று சொல்வதில்லை. அவன் கண்ணுக்கு அப்படித்தான்.

துறைமுகத்தில் விஷயம் பரவிவிட்டது. டீக்கடையில் முன்பின் தெரியாதவர்கள்கூட எதையாவது தூக்கிக் காட்டி இது என்ன கலர் என்று கேட்கிறார்கள். கொஞ்ச நாள் பதில் சொன்னேன். இப்போது தலையை மட்டும் ஆட்டுகிறேன். மனைவி மீன் வாங்க என்னை அனுப்புவதில்லை. தானே போய்ச் செவுளைத் தூக்கிப் பார்க்கிறாள். நான் முகர்ந்து வாங்கினது ஒருநாளும் கெட்டுப்போனதில்லை என்று சொல்லிப் பார்த்தேன். "அது செரி" என்றாள். அனுப்பவில்லை.

கீழே இறங்கிப் பலகையில் படுத்தால் சுக்கான் அறை எனக்கு நேர் மேலே இருக்கும். விஞ்சுக்காரனுக்கு அந்த வேலை இன்னும் முழுதாகப் பழகவில்லை. பாருக்குப் பக்கத்தில் போகும்போது பயத்தில் திரையை வாய்விட்டுப் படிப்பான், பள்ளிப் பிள்ளை பாடம் படிக்கிற மாதிரி. பச்சை, பச்சை, பச்சை, மஞ்ச. கொஞ்சம் நிறுத்துவான். மறுபடியும் பச்சை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எந்த இடத்துக்கு மேல் போகிறோம் என்று எனக்குத் தெரிந்துவிடும். இன்னும் கொஞ்சம் ஓரமாகப் போகலாம் மக்கா என்று நாக்கு நுனி வரை வரும். எழுந்து போய்ச் சொல்வதில்லை. உடம்பெல்லாம் ஒரு நாளின் வெயில் இருக்கும். பச்சை, மஞ்ச, மஞ்ச என்று அவன் குரல் மேலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கும். அவன் சிவப்பு என்று சொல்வதற்குள் பெரும்பாலும் தூங்கிவிடுகிறேன்.